வெளிநாட்டில் பல் இம்ப்ளாண்ட்: ஓய்வுபெற்றவருக்கான செலவுக் கணக்கு

வெளிநாட்டுப் பல் மருத்துவமனைகளின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு பல்லுக்கான விலை. அதை உள்ளூர் மருத்துவர் சொன்ன விலையோடு வைத்துப் பார்த்து, பாதிதானே ஆகிறது என்று பலர் உடனே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் பொருத்துவது, ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. தாடை எலும்பு வளர்ந்து திருகைக் கவ்விக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அங்கேயே தங்கியிருக்க முடியாது. ஊர் திரும்பி மறுபடி போக வேண்டும். அதனால் இந்தச் செலவை பல் கணக்கில் போடுவதைவிடப் பயணக் கணக்கில் போடுவதே சரி. எத்தனை முறை போய்வர வேண்டும் என்பது தெரிவதற்கு முன் போடும் பட்ஜெட் எதுவும் நிற்காது.

விலைப்பட்டியலைப் பிரித்துக் கேளுங்கள்

இம்ப்ளாண்ட் பல்லுக்கு மூன்று பாகங்கள். எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தும் இணைப்புத் துண்டான அபட்மென்ட் இரண்டாவது. வெளியே பல்லாகத் தெரியும் கிரவுன் மூன்றாவது. ‘இம்ப்ளாண்ட் விலை’ என்று மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் அது திருகையும் அதைப் பொருத்தும் அறுவைக் கூலியையும் மட்டுமே குறிக்கும். மற்ற இரண்டும் தனி. இந்த இடத்திலேயே பாதிப் பேரின் கணக்கு தவறிவிடுகிறது.

மருத்துவமனைக்கு எழுதும்போது ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். மொத்தத்துக்குள் எதையும் ஒளிக்கலாம். திருகு, அபட்மென்ட், கிரவுன், பல் பிடுங்குதல், எலும்பு ஒட்டு வைத்தல், அதன்மேல் விரிக்கும் சவ்வு, சைனஸ் லிஃப்ட் (மேல் கடைவாய்க்கு மேலுள்ள காற்றறையின் அடியை உயர்த்தி எலும்பு சேர்ப்பது), மயக்க மருந்துக் கட்டணம், ஸ்கேன், காத்திருக்கும் காலத்துக்கான தற்காலிகப் பல், இரண்டாம் கட்டத்தில் ஈறைத் திறந்து வைக்கும் சிறு மூடி, கடைசியில் இரவில் போட்டுக்கொள்ளும் பல் உறை என ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் விலை கேளுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருக்கும் வரிகளை ‘தேவைப்படும்’ என்றே எடுத்துக்கொண்டு கூட்டுங்கள். வயதானவர்களின் தாடையில், அதிலும் பல் விழுந்து பல ஆண்டுகள் ஆன இடத்தில், எலும்பு கரைந்திருப்பதே வழக்கம்.

திருகின் தயாரிப்பாளர் பெயரையும் வகையையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், டென்ட்ஸ்ப்ளை சிரோனா, ஆஸ்ஸ்டெம் போன்ற பெயர்கள் பல நாடுகளிலும் புழக்கத்தில் இருப்பவை. பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. பத்து ஆண்டு கழித்து உங்கள் ஊரில் அபட்மென்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்தால், அதை இறுக்க அந்தத் தயாரிப்புக்கே உரிய முனைக்கருவி வேண்டும்; உதிரி பாகமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், பதினைந்து நிமிட வேலைக்காக இன்னொரு விமானப் பயணம். மலிவான, பெயர் தெரியாத திருகின் உண்மையான விலை அதுதான்.

இன்னொரு கேள்வியும் பணத்தைக் காப்பாற்றும்: கிரவுனைச் சிறு திருகால் பொருத்துகிறார்களா, சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்களா? திருகால் பொருத்தியதை, உரிய முனைக்கருவி இருந்தால், எந்த ஊர் மருத்துவரும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம். ஒட்டியதைக் கழற்ற உடைக்க வேண்டியிருக்கலாம். ஒட்டும்போது ஈறுக்கடியில் வழிந்து தங்கிவிடும் சிமென்ட், இம்ப்ளாண்டைச் சுற்றிப் புண்ணாவதற்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. தொலைவில் போய் வைத்துக்கொள்பவருக்கு, இடம் அனுமதிக்கும்வரை, திருகு முறையே நல்லது.

ஸ்கேனை உள்ளூரில் எடுங்கள்

சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் இல்லாமல் வரும் விலைப்பட்டியல் வெறும் ஊகம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. அகலம் போதாவிட்டால் எலும்பு ஒட்டு. ஒட்டு வைத்தால் கூடுதல் மாதங்கள். கூடுதல் மாதம் என்றால் கூடுதல் பயணம். இதெல்லாம் அங்கே போய் நாற்காலியில் சாய்ந்த பிறகு தெரியவந்தால் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

எனவே கிளம்புவதற்கு முன் உள்ளூரிலேயே ஸ்கேன் எடுத்து, டைகாம் எனப்படும் மருத்துவப் படக் கணினி வடிவிலுள்ள முழுக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சடித்த படமோ கைபேசியில் எடுத்த புகைப்படமோ உதவாது. அதே கோப்பை இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு அனுப்புங்கள். ஒருவர் நான்கு இம்ப்ளாண்ட் என்றும் இன்னொருவர் எட்டு என்றும் சொன்னால், ஏன் என்று இருவரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்களைப் படித்தாலே யாரிடம் போகலாம் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். பழைய ஸ்கேனை ஏற்காமல் அங்கே புதிதாக எடுப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பயணம் என்பதை எலும்புதான் முடிவு செய்கிறது

எலும்பு நல்ல நிலையில் இருந்து, பல் ஏற்கெனவே இல்லாத இடம் என்றால் இரண்டு பயணம். முதல் பயணத்தில் திருகு வைப்பார்கள். கீழ்த்தாடையில் 3 முதல் 4 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் காத்திருப்பது வழக்கமான, பாதுகாப்பான கணக்கு. மேல்தாடை எலும்பு பஞ்சுபோல இருப்பதால்தான் அங்கே நேரம் கூடுகிறது. இரண்டாவது பயணத்தில் அளவெடுத்து கிரவுன் மாட்டுவார்கள்.

பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால், அதை உள்ளூரிலேயே முடித்துவிட்டு, குழி ஆறும்வரை 2 முதல் 4 மாதம் பொறுத்துப் போனால் ஒரு பயணம் மிச்சம். ஆனால் பிடுங்கிய உடனே அதே குழியில் திருகு வைக்கும் திட்டமாக இருந்தால் உள்ளூரில் பிடுங்கக் கூடாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வெளிநாட்டு மருத்துவரிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எலும்பு ஒட்டு வைத்து, அது ஆறிய பிறகு திருகு வைப்பதென்றால் நடுவில் 4 முதல் 6 மாதம். மேல் கடைவாய்ப் பக்கம் சைனஸ் லிஃப்ட் தேவைப்பட்டு, திருகை அதே நாளில் வைக்க முடியாத அளவுக்கு எலும்பு மெலிந்திருந்தால் 6 முதல் 9 மாதம்கூட ஆகலாம். அப்போது பயணம் மூன்று. மொத்தக் காலம் ஒரு வருடத்தைத் தாண்டும்.

‘ஒரே பயணத்தில் புதுப் பல்’ என்பது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. திருகு எலும்பில் இறுக்கமாக உட்கார்ந்தால், வழக்கமாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவு முறுக்கு விசை தாங்கினால், உடனே தற்காலிகப் பல்லை மாட்டுகிறார்கள். அந்த இறுக்கம் கிடைக்குமா என்பது அறுவையின்போதுதான் தெரியும். கிடைத்தாலும், நிரந்தரப் பல்லுக்கு மாதங்கள் கழித்து வந்தே ஆக வேண்டும். தற்காலிகப் பல்லையே நிரந்தரமாக்கிக் கணக்கை முடிப்பவரிடம் போகாதீர்கள்.

தங்கும் நாட்களையும் கட்டம் வாரியாகப் போடுங்கள். ஒன்று இரண்டு திருகு வைக்க 3 முதல் 5 நாள் போதும். தானாகக் கரையாத தையல் போட்டால் பிரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பிரிப்பதை உள்ளூர் மருத்துவர் செய்வார் என்று முன்பே பேசி வைத்தால் ஒரு வார விடுதி வாடகை மிஞ்சும். கிரவுன் மாட்டும் பயணத்துக்கு 5 முதல் 10 வேலை நாள் வேண்டும்: அளவெடுப்பு, ஆய்வகம், பொருத்திப் பார்த்தல், திருத்தம். ‘வேலை நாள்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். போகும் நாட்டில் நீண்ட விடுமுறை குறுக்கே வந்தால் ஆய்வகம் மூடிவிடும். விடுதிக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கிரவுனின் நிறமோ உயரமோ சரியில்லாமல் திரும்பச் செய்வது அடிக்கடி நடப்பதால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுங்கள். அதற்காகச் சற்றுக் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

லாபம் எந்த இடத்தில் தொடங்குகிறது

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் வெறும் அலகுகள். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஒரு பல்லுக்கு முழுச் செலவு 100. வெளிநாட்டில் எல்லாம் சேர்த்து 45. ஆக, ஒரு பல்லுக்கு மிச்சம் 55. இருவர் போய்வரும் ஒரு பயணத்துக்கு டிக்கெட், விடுதி, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள்.

இரண்டு பயணம் 120. ஏதாவது தவறினால் போக ஒரு பயணத்துக்கான ஒதுக்கீடு 60. மொத்தம் 180. இதை 55ஆல் வகுத்தால் 3.27. அதாவது நான்கு பல்லுக்குக் குறைவாக வைப்பவருக்கு இந்தப் பயணம் லாபமில்லை. எலும்பு ஒட்டு காரணமாக மூன்றாவது பயணம் சேர்ந்தால் 240, வகுத்தால் 4.36, ஐந்து பல்லிலிருந்துதான் லாபம். ஒதுக்கீட்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை என்றால், இரண்டு பயணத் திட்டத்தில் மூன்று பல்லுக்கே கட்டுப்படியாகும். ஆனால் அது முடிந்த பிறகு தெரிவது. திட்டமிடும்போது ஒதுக்கீட்டைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

பயணச் செலவு குறைவாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் மாறும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா எல்லையை நடந்தே கடந்து மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு பல்லுக்கும் லாபம் இருக்கலாம். ஆஸ்திரியாவிலிருந்து காரில் ஹங்கேரியின் சோப்ரோனுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. கண்டம் தாண்டிப் பறப்பவருக்கு ஒற்றைப் பல்லுக்காகப் போவது கட்டாது. அப்படிப் போகிறவர்கள் சிலர் உறவினரைப் பார்க்கப் போகும் சாக்கில் இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்; எப்படியும் போகப்போகிற பயணம் என்றால் டிக்கெட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போவதை ஆடம்பரம் என்று வெட்டிவிடாதீர்கள். ரத்த நாளம் வழியாக மயக்கம் கொடுத்தால் அடுத்த 24 மணி நேரம் வயதுவந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. துணை இல்லாதவருக்குச் சில இடங்களில் மயக்கமே கொடுக்க மாட்டார்கள், அல்லது செவிலியர் கட்டணம் கேட்பார்கள். விடுதியை விடச் சிறு சமையலறையும் குளிர்பெட்டியும் உள்ள அறை நல்லது. முதல் வாரம் சூடில்லாத, குழைந்த சாப்பாடுதான் இறங்கும். அதை உணவகங்களில் தேடி அலைவது சிரமம், செலவும் கூட. சிகிச்சையோடு சுற்றுலாவையும் சேர்த்துவிடும் ஆசை இருந்தால், அதை அறுவைக்கு முந்தைய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வீங்கிய கன்னத்தோடு கோட்டை ஏறிப் பார்ப்பதில் சுகமில்லை.

உடம்பு சொல்லும் கூடுதல் செலவு

மருத்துவமனைகள் அனுப்பும் படிவத்தில் நோய்களுக்குச் சில கட்டங்கள்தான் இருக்கும். அதோடு நிற்காமல், சாப்பிடும் எல்லா மருந்தையும் வணிகப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் எழுதி அனுப்புங்கள். வயதானவர்களின் பட்ஜெட்டை உடைப்பவை குறிப்பாகச் சில.

எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட் மாத்திரை, ஸோலெட்ரோனிக் அமில ஊசி, டெனோசுமாப் ஊசி ஆகியவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதித்து, அரிதாக எலும்பே செத்துப்போகச் செய்யும். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டவர்களுக்கு இந்த அபாயம் மிக அதிகம். அவர்களுக்கு இம்ப்ளாண்டே வேண்டாம் என்று சொல்லப்படுவதும் உண்டு. மாத்திரையைச் சில ஆண்டுகள் மட்டும் சாப்பிட்டவருக்கு அபாயம் குறைவு. எதுவானாலும் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. டெனோசுமாபைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. டிக்கெட்டுக்கு முன் எலும்பு மருத்துவரின் கடிதம் வாங்குங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர், அறுவைக்கு முந்தைய நாட்களில் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அது அங்கே ஒரு தனிச் செலவு. சர்க்கரை நோயாளியிடம் கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கை கேட்பார்கள். அளவு கட்டுக்குள் இல்லாமல் போனால் புண் ஆறாது, தொற்று வரும், திருகு பிடிக்காது. இரண்டு மாதம் சர்க்கரையைச் சரிசெய்துவிட்டுப் போவது எந்தத் தள்ளுபடியைவிடவும் லாபம். புகைப்பவருக்குத் தோல்வி விகிதம் கூடும். உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்தில் புகைப்பவருக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர் அந்தப் பழைய ஆவணங்களை அனுப்பாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க வேண்டாம்.

ஈறு நோய் இருந்தால் அதை உள்ளூரில் முதலில் குணப்படுத்துங்கள். அழுகும் ஈறுக்கு நடுவே திருகு வைப்பது, கரையானைப் போக்காமல் கதவு மாற்றுவது போல.

வழக்கமான மருந்துகளைத் தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் கொண்டுபோங்கள். சைனஸ் லிஃப்ட் செய்தவர் எத்தனை நாள் கழித்து விமானம் ஏறலாம் என்பதை எழுத்தில் கேட்டு, அந்த நாட்களை விடுதிக் கணக்கில் சேருங்கள். காற்றழுத்த மாற்றமும் மூக்கைச் சிந்துவதும் புதுக் காயத்துக்கு ஆகாது.

எல்லாப் பல்லும் போனவருக்கு

ஒரு தாடை முழுவதும் பல் இல்லாதவருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு என்பது தேவையில்லாத செலவு. நான்கு அல்லது ஆறு திருகில் முழு வரிசையையும் நிறுத்தும் முறைக்கு ஆல்-ஆன்-ஃபோர், ஆல்-ஆன்-சிக்ஸ் என்று பெயர். விளம்பரங்களில் அதிகம் தெரிவது இதுதான். இதில் நிரந்தர வரிசை எதனால் செய்யப்படுகிறது என்று கேளுங்கள். உலோகச் சட்டத்தின் மேல் அக்ரிலிக் பல் என்றால் மலிவு, ஆனால் தேயும், உடையும். சில ஆண்டுகளில் பற்களை மாற்ற வேண்டும். சிர்கோனியா என்ற பீங்கான் வகை என்றால் விலை கூடுதல், தேய்வு குறைவு. ஆனால் விரிசல் விட்டால் ஒட்டுப்போட முடியாது, முழுதாகச் செய்ய வேண்டும்.

பலரும் கேட்காமலே விட்டுவிடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கீழ்த்தாடையில் இரண்டே திருகு வைத்து, அதன்மேல் ‘டக்’கென்று மாட்டிக் கழற்றும் பல்செட். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். செலவு குறைவு, அறுவை சிறிது, தினமும் கழற்றிக் கழுவலாம். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் பின்னாளில் பிறர் உதவி தேவைப்படக்கூடியவர்களுக்கும் இந்தக் கடைசி விஷயம் பெரிது. குறை என்னவென்றால், கவ்விப்பிடிக்கும் நைலான் வளையங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்த வளையம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். இரண்டு திருகு என்றால் உள்ளூரிலேயே கட்டுப்படியாகலாம் என்பதையும் மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். பல பேருக்குப் பயணமே தேவைப்படாமல் போய்விடும்.

பணம் எடுப்பது, கொடுப்பது

ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து மொத்தத் தொகையையும் ஒரே ஆண்டில் எடுத்தால், பல நாடுகளில் அது அந்த ஆண்டின் வருமானமாகக் கணக்காகி வரியை உயர்த்தும். வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகைகளையும் பறிக்கலாம். இரண்டு பயணங்களுக்கு நடுவே மாதங்கள் இருப்பது இங்கே வசதி. முதல் பயணத்தை நிதியாண்டின் கடைசி மாதங்களிலும் இரண்டாவதை அடுத்த நிதியாண்டிலும் வைத்தால், எடுப்பதை இரண்டாகப் பிரிக்கலாம். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உள்ள பல் காப்பீடு இருந்து, அது வெளிநாட்டுச் சிகிச்சையையும் ஏற்றால், இரண்டு ஆண்டின் வரம்பையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் மருத்துவச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரிக்கழிவு என்ற விதி உங்கள் நாட்டில் இருந்தால், எல்லாச் செலவையும் ஒரே ஆண்டுக்குள் குவிப்பதுதான் லாபம். இரண்டும் எதிரெதிர் திசை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வரிக் கணக்கரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவர் கட்டணமும் பட்ஜெட்டில் ஒரு வரிதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவர்கள் 2011ஆம் ஆண்டின் எல்லைதாண்டிய மருத்துவ விதிப்படி, உள்நாட்டில் பொதுக் காப்பீடு ஏற்கும் சிகிச்சைக்கு உள்நாட்டில் கிடைக்கும் தொகை அளவுக்கு, ஆன செலவை மீறாமல், திரும்பப் பெறலாம். உள்நாட்டில் இம்ப்ளாண்டுக்குப் பணம் தராத திட்டம் வெளியிலும் தராது.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். நாள் குறிக்க ஒரு சிறு முன்பணம், திருகு வைத்த அன்று அந்தக் கட்டத்துக்கான தொகை, கிரவுன் மாட்டி கடித்துப் பார்த்த பிறகு மீதி. இப்படிக் கட்டம் கட்டமாகக் கொடுக்க ஒப்பாத இடம், ஏதாவது தவறும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்பார்கள். ரொக்கத்துக்கு ரசீது சரியாக வராது. ரசீது இல்லாமல் வரிக்கழிவும் இல்லை, வழக்கும் இல்லை. கடன் அட்டையில் கொடுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

அட்டையைத் தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டு நாணயத்திலா, இந்த நாட்டு நாணயத்திலா’ என்று இயந்திரம் கேட்கும். அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அந்தப் பக்கத்து வங்கி நிர்ணயிக்கும்; உங்கள் வங்கி தரும் விகிதத்தைவிட அது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். உங்கள் அட்டைக்கு வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் எத்தனை சதவீதம் என்றும், ஒருநாள் செலவு வரம்பு எவ்வளவு என்றும் கிளம்புமுன் கேட்டு வையுங்கள். வரம்பு தெரியாமல் போய் அட்டை முடங்குவது சாதாரணமாக நடப்பது. விலைப்பட்டியல் எந்த நாணயத்தில் என்பதும் முக்கியம். இரண்டாம் கட்டத் தொகை ஆறு மாதம் கழித்துப் போகும்; அதற்குள் விகிதம் நகரும். அந்தத் தொகைக்கு மேல் 10 சதவீதம் கூட்டி வைத்தால் தூக்கம் கெடாது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள். திட்டமிட்டுப் போன பல் சிகிச்சையால் வரும் சிக்கலை ஏற்குமா? பெரும்பாலான சாதாரணப் பத்திரங்கள் ஏற்காது. மருத்துவப் பயணத்துக்கென்றே உள்ள பத்திரம் வேறு. ஏற்கெனவே உள்ள நோயால் அங்கே மருத்துவமனையில் சேர்ந்தால் ஏற்குமா? சிகிச்சைக்குப் போவதையே மறைத்து வாங்கிய பத்திரம் தேவைப்படும் நாளில் செல்லாது.

தவறினால் யார் கொடுப்பது

பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இம்ப்ளாண்ட்கள் நிலைத்திருக்கின்றன. நல்ல எண்தான். ஆனால் மீதி யாருடைய வாயில் என்பது முன்கூட்டித் தெரியாது. தொடக்கத் தோல்வி என்பது எலும்பு திருகைப் பிடிக்காமல் போவது. அது பெரும்பாலும் இரண்டாவது பயணத்தில், அளவெடுக்கும் நாற்காலியில்தான் தெரியும். அப்போது திருகை எடுத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரு பயணத்துக்கான ஒதுக்கீடு என்று மேலே சொன்னது இதற்குத்தான். எலும்பு ஒட்டு வைத்தவர்கள் இரண்டு பயணம் ஒதுக்குவது நல்லது.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பதைப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகத் திருகு என்ற பொருளுக்கு மட்டும். புதுத் திருகு இலவசமாக வரும். அறுவைக் கூலி, எலும்பு ஒட்டு, கிரவுன், உங்கள் டிக்கெட், விடுதி எதுவும் அதில் வராது. மருத்துவமனையின் உத்தரவாதத்தில் ஆண்டுதோறும் அங்கேயே வந்து பரிசோதித்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த உத்தரவாதத்தின் விலை ஆண்டுக்கு ஒரு பயணம். அதைக் கணக்கில் போட முடியாவிட்டால் உத்தரவாதமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மருத்துவரின் பரிசோதனையை ஏற்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாடு போவதற்கு முன்பே உள்ளூர் மருத்துவரிடம் பேசுங்கள். வேறொருவர் வைத்த இம்ப்ளாண்டைத் தொட மறுப்பவர்கள் நிறையப் பேர். பிறர் வேலையின் பழி தன்மேல் விழும் என்ற பயம். ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், ஆண்டுக்கு ஓர் எக்ஸ்ரே, திருகு தளர்ந்தால் இறுக்குவது, இவற்றைச் செய்வீர்களா, கட்டணம் என்ன’ என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை ஓய்வூதியத்தின் மாதச் செலவுப் பட்டியலில் நிரந்தர வரியாகச் சேருங்கள். பல் இடுக்குத் தூரிகை, நீர் பீய்ச்சும் கருவி, அதன் மாற்று முனைகள் ஆகியவையும் அந்த வரியில்தான். கிரவுனுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆயுள் என்று கொண்டால், 65 வயதில் வைப்பவர் ஒரு முறையாவது மாற்றவேண்டி வரலாம். அதற்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம்.

திரும்பும் நாளில் மருத்துவமனையிலிருந்து கையோடு வாங்கி வர வேண்டியது ஒரு கோப்பு. ஒவ்வொரு திருகுக்கும் பெட்டியிலிருந்து உரித்த ஒட்டுச்சீட்டு. அதில் தயாரிப்பாளர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் இருக்கும். எந்தப் பல் இடத்தில் எது என்ற படம், வைத்த தேதி, அப்போதைய முறுக்கு அளவு, அபட்மென்ட் வகை, அதை இறுக்க வேண்டிய அளவு, கிரவுனின் பொருளும் நிறக் குறியீடும், ஒட்டு வைத்திருந்தால் அது எதனால் செய்தது, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே கோப்புகள், கட்டம் வாரியான ரசீதுகள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். கொடுத்த பிறகு ‘மின்னஞ்சலில் அனுப்புகிறோம்’ என்பார்கள். ஒரு பிரதியை உள்ளூர் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.